யானை வரும் பின்னே

மணவிலக்கில் தொலைக்காட்சி அவளுக்குப் போனது,
மேசையும் மடிக்கணினியும் எனக்கு.
பல்செட்டு செய்கிறவனுக்கு
மேசைதான் முக்கியம் என்று நீதிபதி நினைத்திருக்கலாம்.

மொந்தெவிதேயோ, பலெர்மோ பேட்டை, மூன்றாம் மாடி.
நதியா கடலா என்று இன்னும் முடிவு செய்யாத தண்ணீர்
சன்னலில் ஒரு விரற்கடை தெரியும்.
சுவருக்கும் காதுண்டு என்பார்கள்.
என் சுவருக்கு வாயிருந்தது.

அந்தப் பக்கம் வால்தெமார் பின்தோஸ்,
பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர்.
அவருடையது முதுகு கூன் விழுந்த பழைய பெட்டி,
மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து நேராக ஒரு வயர்.
காற்றில் வருவது காற்றைப்போல் வந்துவிடுகிறது.
எனக்கு வருவதோ
எந்தெந்தக் கடலடிக் கம்பியிலோ ஏறி இறங்கி,
எந்த ஊர்க் கிடங்கிலோ மூட்டை பிரித்துக் கட்டி,
நாற்பது நொடி தாமதம்.
நொடிமுள்ளை வைத்து எண்ணியிருக்கிறேன்.

ஆகவே ஞாயிறுதோறும்
என் திரையில் பந்து நடுக்கோட்டில் உருளும்போதே
சுவர் ‘கோல்’ என்று அதிரும்,
அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் கிடுகிடுக்கும்.
மணியோசை வந்துவிட்டது,
இனி யானைக்காக உட்கார்ந்திருக்க வேண்டும்.
எதிரணிக் காப்பாளன் இன்னும் நம்பிக்கையோடு ஓடுகிறான்.
அவனிடம் சொல்லவும் முடியாது.
கெட்ட செய்திக்கு வால்தெமார் வேறொரு சொல் வைத்திருந்தார்.
அதை இங்கே எழுதவும் முடியாது.

ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன்.
மேசை அதிர்வதை முழங்கை கேட்டுவிட்டது.

தவணையில் தொலைக்காட்சி வாங்கலாம்தான்.
கடைவரை போனேன்.
எல்லாத் திரையிலும் ஒரே மீன் நீந்தியது.
ஒவ்வொன்றின் எதிரிலும்
இருவர் உட்காரும் சோபா போட்டிருந்தார்கள்.
திரும்பிவிட்டேன்.
மடிக்கணினி ஒருவருக்கானது,
பக்கவாட்டிலிருந்து பார்த்தால்
ஆட்டக்காரர்கள் வெளிறிப் பேயாகிவிடுவார்கள்.

பிறகு அந்த ஜூலை ஞாயிறு.
மழை, ஊரே சன்னலைச் சாத்தியிருந்தது.
எழுபத்தோராம் நிமிடம்
இடது ஓரத்திலிருந்து ஒருவன் உயர்த்தி அடிக்கிறான்.
சுவர் சும்மா இருக்கிறது.
அப்படியென்றால் இது வீண் என்று மாத்தேயை உறிஞ்சுகிறேன்.
உள்ளே போய்விட்டது.

எட்டு மாதத்தில் முதல்முறை
யாரும் தொடாத கோல்,
ஆறாத கஞ்சி.
துள்ளினேன், கத்தினேன், நாற்காலி விழுந்தது.

விழுந்ததை நிமிர்த்தும்போதுதான்
சுவரை நினைத்தேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதாகப்
படிக்கட்டில் ஒருமுறை சொன்னார்.
வெறுங்காலோடு ஓடினேன்.
தட்டினேன்.
மறுபடி தட்டினேன்.

திறந்தவர் கன்னத்தில்
சுவரின் சுண்ணாம்பு.
“பெட்டி செத்துப்போச்சு, முதல் பாதியிலேயே” என்றார்.
“உன் பக்கம் காதை வைச்சிருந்தேன்.
யார் அடிச்சது?”

மடிக்கணினியைத் தூக்கிவந்து
செத்த பெட்டியின் தலையில் வைத்தோம்.
படம் வெளிறாமலிருக்கத்
தோள் இடிக்க உட்கார வேண்டியிருந்தது.
அவரிடம் கிரீஸ் வாசனை, என்னிடம் பிளாஸ்டர் தூள்.
திரை நடுவே வட்டம் சுழன்றது.
“என்ன பண்ணுது?”
“யோசிக்குது.”
“ஆட்டத்துக்கு நடுவிலா?”

படிக்கட்டில் ஈரக் காலணிகள்.
மேல்மாடி நில்தா வேலை முடிந்து வருகிறாள்,
சாவி, செருப்பு, தொலைக்காட்சி.

எண்பத்தெட்டில் கூரையில் ஒரு பெருங்கூச்சல்.
ஆனந்தமா ஒப்பாரியா
என்று காங்கிரீட் பிரித்துச் சொல்லவில்லை.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
திரையில் பந்து இன்னும் எங்களவன் காலில்,
அவன் அவசரப்படாமல் யாரையோ தேடுகிறான்.

வால்தெமார் வெந்நீர்க் குடுவையைச் சாய்த்து
மாத்தேயை நிரப்பி என்னிடம் நீட்டினார்.
“எவ்வளவு நேரம் இருக்கு?”
“முப்பத்தைந்து.”
“மெதுவாகக் குடி” என்றார்.