ஒன்பது மில்லிமீற்றர்

படலை நாலடி பத்தங்குலம்.
ஆகவே கார் நாலடி எட்டு.
இதில் வேறு கலை ஒன்றும் இல்லை.
கேட்பவர்களிடம் மட்டும்
காற்றுக்கு ஒதுங்க மெலிய வைத்தேன் என்பேன்.

உடம்பு நான் வார்த்தது.
பதினெட்டடி வள்ளங்களுக்குப் பூசி மிஞ்சிய
கண்ணாடி நாரும் பசையும்.
அலஸ்தோட்டத்தில் வாடகைக் கொட்டில், மூன்று மாரி.
அந்த அரிப்பு இன்னும் முழங்கையில் கிடக்கிறது.
முன்னால் பார்த்தால் கார்,
பின்னால் பார்த்தால் கவிழ்த்துவிட்ட தோணி என்பார்
டயர்க்கடை நிஸ்தார்.
பின்பக்கம்தான் அவருடைய கவலையும்.

அக்சில் ஒரு மொறிஸ் மைனருடையது.
உப்புவெளியில் யாரோ ஒருவரின் கிணற்றடியில்
வாழைக்கு முட்டுக் கொடுத்து நின்றது.
அவ்வளவு காலம் நின்றும்
தன் அகலத்தில் ஒரு நூல் குறையவில்லை.

முதலில் நிஸ்தார்
நூற்றியெழுபத்தைந்து டயர் இரண்டை உருட்டி வந்தார்.
"சும்மா வச்சுப் பாருங்க, காசா பணமா."
வைத்தோம்.
சேட்டுக் கையை மடித்துவிட்ட சண்டியனைப்போல
மட்காட்டுக்கு வெளியே தோள் காட்டி நின்றன.
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
நிஸ்தாருக்கும்.
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்,
பிறகு கழற்றினோம்.

நூற்றிநாற்பத்தைந்து என்று முடிவானது.
அதுவும் போதாது.
டொக்யாட் வீதியில் ரெஜினோல்ட்
றிம்மின் நடுத்தட்டை வெட்டி எடுத்து
இருபது மில்லிமீற்றர் தள்ளி ஒட்டித் தந்தார்.
இனியும் உள்ளே போனால் வில் இடிக்கும்,
வெளியே வந்தால் உடம்பு இடிக்கும்,
நடுவில் உனக்கு ஒன்பது,
அதை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்.
இந்த ஊரில் அது
குறைவான இடம் என்று சொல்ல முடியாது.

ஜக்கை இறக்கினேன்.
ஐந்து நட்டு என்று எண்ணிக் கை தேடியது,
மொறிசுக்கு நாலுதான்.
மூன்றாம் கட்டை வரை தனியே ஓட்டினேன்.
ஒரு சத்தமில்லை.
கோட்டைப் பக்கம் மட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்த மான்கள்
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மட்டைப்பெட்டியே மேல் என்று குனிந்தன.

இரவு எட்டுக்கு ஆசுபத்திரி வாசலில்
தர்மினி ஏறி உட்கார்ந்தாள்.
முதல் ஸ்பீட் பிறேக்கரிலேயே
பின்னால் ஒரு ஸ்ஸ்ஸ்.
அடுத்த வளைவில் அதைவிட நீளமாக.

"என்னாலயா?"

"வீதி சரியில்லை."

"இது போன மாதம் போட்ட வீதி."

இறங்கினாள்.
முன்கண்ணாடியடியில் நான் வைத்திருந்த திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து
இரண்டு டயரின் தோளிலும் வளையமாகப் பூசினாள்.
நாள் முழுதும் இரத்த மாதிரிகளுக்கு
லேபல் ஒட்டுகிற கை, சிந்தவில்லை.
பத்து யார் போய்த் திரும்பி வந்தோம்.
தொலைபேசி வெளிச்சத்தில் அவள் குனிந்து பார்த்தாள்.
வலது டயரில் நீறு நீறாகவே இருந்தது.
இடதில் ஒரு சாண் நீளம் துடைத்து
மட்காட்டின் உள்விளிம்பு பூசியிருந்தது.

அக்சில் இல்லை. டயர் இல்லை.
அவளுடைய அறுபத்திரண்டு கிலோவும் இல்லை.
இரண்டாம் மாரியில் வெடிப்பு விட்ட இடத்துக்கு
பயத்தில் நான் மேலும் மேலும் பூசிய
என் சொந்தத் தடிப்பு.

கொட்டிலில் கிறைண்டரைப் பிடித்தபோது
நள்ளிரவு தாண்டிவிட்டது.
அவள் முகத்தைச் சால்வையால் கட்டிக்கொண்டு வெளிச்சம் பிடித்தாள்.
வெள்ளைத் தூள் எங்கள் இருவர் தலையிலும்.
என்னைப் பார்த்து,
"அறுபது வயசில இப்பிடித்தான் இருப்பீங்கள்,
பரவாயில்லை" என்றாள்.

விடியச் சீனக்குடா வரை போய் வந்தோம்.
கடல் கேட்டது. அவள் கொட்டாவி கேட்டது.
பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

படலையடியில் வழக்கம்போல்
இறங்கு, பாரம் குறையட்டும் என்றேன்.
அவள் இறங்கவில்லை.
தன் பக்கத்துக் கண்ணாடியை மடித்தாள்,
குறுக்கே சாய்ந்து என் பக்கத்தையும் மடித்தாள்.

"போங்கோ."