இருபத்தேழாம் தூண்

படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்: கட்டிய ஆண்டு.
ஒரே ஒரு கட்டம், நாலு இலக்கத்துக்கு இடம்.
எந்தப் பாதியின் ஆண்டு என்று கேட்டேன்.
மாவட்ட அலுவலகத்து ஹஃபீஸா
அளவுக்கருவியின் சிவப்புப் புள்ளியைச் சுவரில் நிறுத்திவிட்டு
"எது பழசோ அது" என்றாள்.

அப்படியானால் மாடுகளுடையதுதான்.

புக்கிட் மெர்தாஜாம் மலைக்குத் தெற்கே
இந்த நாலு ஏக்கரில்
முதலில் எழுந்தது தொழுவம், முப்பத்தெட்டில்.
சன்னாசியும் வெள்ளைத்தாயும்
தீவனப் பரணில் படுத்தார்கள்.
கீழே ஏழு சிந்தி மாடுகள்
சிமெண்டுத் தரையில் நின்று அசைபோட்டன.
மனிதர் காலுக்குச் சிமெண்டு வந்தது
இருபத்துமூன்று வருஷம் கழித்து,
அதுவும் மிஞ்சிய மூட்டைகளில்.

வீடு தொழுவத்திலிருந்து முளைத்தது.
ஒரே முகடு, ஒரே தகரம்,
நடுவில் பலகைச் சுவர், கூரையைத் தொடாமல்
இரண்டு முழம் குறைவாக.
தேங்காய்மட்டைப் புகை
மாட்டுப் பக்கம் கொசுவை விரட்டிவிட்டு
எங்கள் பக்கம் வந்து அதே வேலையைச் செய்யும்.
என் சட்டையை முகர்ந்தே
வருகையைப் பதிந்துவிடலாம் என்பார் வகுப்பாசிரியை.

தரை, அடிக்குக் கால் அங்குலம் சரிவு,
கழுவிய நீர் கால்வாய்க்கும்
கால்வாய் நேப்பியர் புல்லுக்கும் போக.
கொத்தனுக்கு வேறு மட்டம் தெரியாதோ என்னவோ,
வீட்டுக்குள்ளும் அதே சரிவு.
உருளைக்கிழங்கு கைதவறினால்
தொழுவத்தில் போய்த்தான் தேடவேண்டும்.

தூண்கள் செங்கால் மரம்.
வரிசைக்கு ஆறு, நாலு வரிசை.
நிலம் அப்போது வருஷாவருஷம் புதுப்பிக்கும் உரிமத்தில்;
போ என்றால் போகவேண்டும்.
அதனால் சன்னாசி தச்சனிடம் சொன்னது ஒன்றே:
ஆணி வேண்டாம்,
கழற்றி வண்டியில் ஏற்றும்படி செய்.
டான் ஆ லெக் மரமுளைகளால் பூட்டி,
மறுபடி கோக்கும்போது குழம்பாமலிருக்க
ஒவ்வொரு தூணின் அடியிலும்
உளியால் சீன எண் வெட்டினான்.
யாரும் போ என்று சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டில் புண்ணாக்குக் கடைத் தவுக்கே
பாக்கி கேட்டு வந்தவர்
கடைசித் தூணில் சாய்ந்தார், குனிந்தார், வாசித்தார்:
இருபத்தேழு.
சன்னாசி எண்ணிப் பார்த்தார். இருபத்துநாலு.
மாட்டை எண்ணுவதுபோல் தொட்டுத்தொட்டு
மறுபடி எண்ணினார்.

அந்த வருஷம்தான் தம்பி மாயழகு
சுங்கை பாக்காப்பில் தனித் தொழுவம் போட்டிருந்தார்.
நின்றுகொண்டிருக்கும் வீட்டிலிருந்து
மூன்று தூணை ஒருவர் எப்படி உருவுவார் என்று
கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.
உதிரியாகக் கிடந்திருக்கும், என்றார்கள்.
மூன்று கல்யாணம், ஒரு சாவு,
அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் யாரும் போகவில்லை.
மாயழகுவுக்கு எங்கள் வீட்டில் பெயர்
"இருபத்தேழு."
சின்ன வயதில் நான் அதை
ஏதோ லாரி நம்பர் என்று நினைத்திருந்தேன்.

ஹஃபீஸாவோடு வந்த வரைபடக்காரப் பையன் யோங்
காய்ந்த சாணத்தைச் சுரண்டிச் சுரண்டி
ஒவ்வொரு தூணாகப் படம் எடுத்தான்.
மூன்றுக்கு அடுத்து ஐந்து.
பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து.
இருபத்துமூன்றுக்கு அடுத்து
அவன் சிரிக்கத் தொடங்கினான்.
"எங்க வாயில நாலுன்னா சாவுன்னும் கேக்கும், அக்கா.
ஆள் குடியிருக்கப் போற வீட்டுல
எந்தத் தச்சன் அதை வெட்டுவான்?"

காணாமற்போன பாகங்கள் என்ற கட்டத்தில்
ஹஃபீஸா "தியாடா" என்று எழுதினாள்.

அண்ணன் குணாளன் கறந்துகொண்டிருந்தான்,
ஒன்பதில் ஐந்தாவது மாடு.
சொன்னேன். கை நிற்கவில்லை.
வாளியில் பால் விழும் சத்தம் மாறியது.
நிறையும்போது மாறும், அதுவாகவும் இருக்கலாம்.
அப்புறம் கேட்டான்,
"அவரோட பேத்தி அங்க துணி வெளுக்கிற கடை வச்சிருக்கு இல்ல,
அது பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை.
இத்தனை வருஷம் எங்களிடம் இருந்தது
எண் மட்டும்தான்.