எர்த்துக் குழி

வீட்டில் அது வெண்ணெய்போல இருந்தது.
ரத்த வங்கி நைட் ஷிஃப்ட் முடித்து வந்து
ஹெட்போனுக்குள் வாசிக்கும்போது
ஒரே நோட்டு, எதிரொலி மேல் எதிரொலி,
சத்துவாச்சாரி மலை
கொஞ்சம் நகர்ந்துகொடுத்த மாதிரி.

சனிக்கிழமை, காட்பாடி சபையில்
அதே பெடல், அதே நம்பர்கள்.
தகரக் கூரையின் கீழே
எவர்சில்வர் தட்டில் கரண்டி கீறுகிறது.
காலி நாற்காலிகள் முந்நூறும்
என்னையே பார்க்கின்றன.

'டிரெபிளைக் குறைக்காதே' என்றான்
மிக்ஸரிலிருந்து யாபேஸ்.
'நாளைக்குச் சனம் வரும்.
புடவையும் கூந்தலும் தூங்குற குழந்தையும்
பாதி கூர்மையைக் குடிச்சிடும்.
அவங்களுக்கும் சேர்த்து வை.'

கெயினைக் குறைத்தேன், பாதிக்கும் கீழே.
மனசே வரவில்லை. குறைத்தேன்.
பேஸ் கிட்டாருக்குக் கீழ்வீடு,
சிம்பலுக்கு மொட்டைமாடி,
எனக்கு நடுவில் ஒரு போர்ஷன் போதும்,
எண்ணூறு ஹெர்ட்ஸ் பக்கமாக.
பியூலா அக்காவின் குரலும் அங்கேதான் குடியிருக்கிறது.
அவர் பாடும்போது நான் வெளியே நிற்பேன்,
மூச்சு வாங்கும்போது
ஓடிப்போய் மூன்று நோட்டு வைத்துவிட்டு வருவேன்.

எல்லாம் ஆயிற்று.
அந்த ம்ம்ம்ம் மட்டும் போகவில்லை.

எந்தப் பாட்டிலும் சேராத சுருதியில்
வாய் திறக்காமல் யாரோ ஜெபிப்பதுபோல.
கேபிள் மாற்றினேன், பிளக்கைத் திருப்பினேன்.
ஜோலார்பேட்டைப் பக்கம் முகம் வைத்தால் குறைகிறது.
சனத்துக்கு முதுகு காட்டி நிற்க முடியுமா?

ஒன்பதரைக்கு வந்த எலக்ட்ரீஷியன் துரைக்கண்ணு
டெஸ்டரைக்கூட எடுக்காமல் கேட்டார்:
'எர்த்துக் குழி எங்க?'

கழிப்பறைக்குப் பின்னால், முள்ளுக்குள், சிமென்ட் மூடி.
திறந்தால்
சித்திரை முழுக்கச் சுட்டெடுத்த மண்.
பாலாறு மாதிரி, பெயரில் மட்டும் ஈரம்.
'இதுக்குத் தண்ணி காட்டி எவ்ளோ நாளாச்சு?'
யாரும் பேசவில்லை.

இருந்தது லாரித் தண்ணீர்,
காலை ஞானஸ்நானத் தொட்டிக்கு.
அதுவே பற்றாது.
செயலாளர் பொன்னுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'எத்தனை குடம்?'
'பத்து ஊத்துங்க. கல்லுப்பு ரெண்டு கிலோ.'

நான் உள்ளே ஓடி கிட்டாரை மாட்டிக்கொண்டேன்.
வெளியே முதல் குடம் விழும் சத்தம்.
ம்ம்ம்ம்.
இரண்டு. மூன்று. ம்ம்ம்.
ஏழாவதில் யாபேஸ் கையைத் தூக்கினான்.

மின்விசிறி கேட்டது.
ஸ்டேஷனில், தாமதமாக வரும் ஏதோ ஒரு வண்டிக்காக
வருந்தும் பெண்குரல் கேட்டது.
ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததன் மேல்
ஒரே ஒரு நோட்டு வைத்துப் பார்த்தேன்.
நின்றது.

ஞாயிற்றுக்கிழமை
தொட்டித் தண்ணீர் தொடைக்கும் கீழே.
முழுக வந்த ஐந்து பேரையும்
முட்டி போடச் சொன்னார் பாஸ்டர்.
அவர்கள் தலை நனைந்து எழும்வரை
என் பங்குக்கு
மெதுவாகவே வாசித்தேன்,
குடம் கணக்காக.