வெள்ளி, பத்தரைக்கு

கணப்பின் மேற்பலகையில்
முதலில் மணிக்கூட்டை வைத்தாள் சுகிர்தா.
பிறகு எடுத்தாள்.
"நேரம் எண்ணுகிறோம் என்று நினைப்பார்கள்."

ஹாலிஃபாக்ஸில் மார்ச்.
கல்வீடு உள்ளுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.
இந்தக் கணப்பில் தீ மூட்டி நாற்பது வருடமாம்.
வாயைப் பலகையால் அடைத்துச்
சாயமும் பூசியவன்
வீட்டை விற்கும்போது
அதையும் ஓர் அழகாகத்தான் சொன்னான்.

பித்தளை யானைகள் இரண்டு:
வாசலைப் பார்க்கவேண்டுமா, எங்களையா?
கல்யாணப் படத்தில் நான் சிரிக்கவில்லை, வேண்டாம்.
மாதா சொரூபம் இருக்கட்டும், கொஞ்சம் ஓரமாக.
வெறுமையாய் விட்டால் ஆசையில்லாதவர்கள்,
நிறைத்துவிட்டால்
இடமில்லாதவர்கள்.

சந்தையில் இரண்டு பவுணுக்கு
யூகலிப்டஸ் கிளை வாங்கிவந்தேன்.
அவள் அதைக் குவளையில் செருகச் செருக
அடைத்த பலகைக்குப் பின்னால்
சரசரவென்று ஏதோ விழுந்தது.
கைகளை எடுத்தாள்.
மறுபடி விழுந்தது.

தெருவுக்குப் போய் அண்ணாந்தேன்.
புகைபோக்கி மேல்
சாம்பல் கழுத்துக் காகம் ஒன்று
தன்னைவிட நீளமான சுள்ளியை
நெடுக்காகப் பிடித்துப் பார்த்து
குறுக்காகப் பிடித்துப் பார்த்து
உள்ளே விட்டது.
குனிந்து கேட்டது.
இன்னொன்று எடுக்கப் பறந்தது.
கம்பி வலை போடும் ஆளின் நம்பரைத்
தேடி வைத்துக்கொண்டேன்.

வந்தவர் பெயர் கேரல் அக்ராய்ட்.
நனைந்த குடையை எங்கே வைப்பதென்று
எங்களைவிட அவர்தான் தடுமாறினார்.
யானை, மாதா, யூகலிப்டஸ்
எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
கோப்பை மடியில் அணைத்தபடி
மண்டியிட்டார்.
கணப்பின் கீழே துருத்திய கல் விளிம்பை
உள்ளங்கையால் நீளத் தடவினார்.
"குழந்தை விழும்போது
நெற்றி இங்கேதான் படும்."

விழுந்தால் என்று சொல்லவில்லை.
விழும்போது.

சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை.
தேநீரில் போட்ட சீனியை
மறுபடி போட்டாள்.

உள்ளே ஒரு சுள்ளி விழுந்தது.
"வேறு யாரும் இருக்கிறார்களா?" என்றார்.
நாங்கள் சொன்ன பதிலை
அவர் எழுதிக்கொண்டாரா தெரியாது,
பேனா மட்டும் அசைந்தது.

அன்று மாலையே
நாலடி ரப்பர் விளிம்பு வாங்கிவந்து ஒட்டினேன்.
நிறம் பொருந்தவில்லை.
மேலே, ஒரு யானை வாசலை
ஒன்று எங்களை.
மணிக்கூடு இன்னும் குளிர்பெட்டி மேல்.

சுகிர்தா பலகையில் காதை வைத்து
எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினாறு.
பதினேழு என்று வாயைத் திறந்தவள்
அப்படியே இருந்தாள்.
சத்தம் வரவில்லை.

கம்பி வலைக்காரனுக்கு மணி போய்க்கொண்டிருந்தது.
என் கையிலிருந்து போனை வாங்கி
யானைகளுக்கு நடுவில்
கவிழ்த்து வைத்தாள்.