அரை முள்

ஆறு குளிர்காலமாக எங்கள் வேன்
பாதிக்கு மேல் பெட்ரோல் குடித்ததில்லை.
டேங்கின் மேல் விளிம்பில் ஊசி நுழையும் துளை.
முள் பாதியைத் தாண்டினால்
கடைத்தெருவிலிருந்து வாசல்வரை சொட்டும்.
நாற்றம் படுக்கைக்கு வந்து
எங்களுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும்.

ஷிப்பகானில் பனி உருக
சாலைக்கு உப்பு இடுகிறார்கள்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்பைத் தின்ற இரும்பு
ஈரக்காற்றைக் குடித்து, பொருக்காகி,
வெள்ளைமேல் பழுப்பாக உதிரும்.

பாதி போதும், என்றான் ரேயால்.
போதும்தான்.
மகள் மிரேயின் ஊருக்கு
மூன்று இடத்தில் நின்று நின்று போனோம்.
பிறகு அவள் வந்தாள்.
பிறகு தொலைபேசி.

இந்த ஏப்ரல், நண்டுப்படகுகள் கிளம்பிய வாரம்,
என் தையல் காசில் வரவழைத்தேன்
புது டேங்க்.
பெட்டியைப் பிரித்தால்
ஒரு மூலை நசுங்கியிருக்கிறது.
திருப்பி அனுப்பலாமா?
"வேண்டாம், நம்ம வீட்டு ஜாடைக்கு வந்திருக்கு" என்றான்.

பாட்டரியைக் கழற்றினோம்.
அவன் சிகரெட்டையும் லைட்டரையும்
எதிர்வீட்டு மதாம் சவ்வாவிடம் அடகு வைத்தேன்.
கிணறு இறைப்பதுபோல் கைப்பம்பால் இறைத்து
நான்கு டின், அப்புறம் ஒரு அரை டின்.
போல்ட்டுகளுக்கு மூன்று நாளாக எண்ணெய் வைத்திருந்தோம்,
நோயாளிக்கு மருந்து வைப்பதுபோல், வேளைக்கு.
ஒன்று முனகிக்கொண்டே சுழன்று வந்தது.
மற்றது தலை முறிந்து
அவன் நெற்றியில் விழுந்தது.

மழை பிடித்தது. பனியும் கலந்த மழை.
பட்டை ஒரு பக்கம் அறுந்து
டேங்க் ஜாக்கின்மேல் சாய்ந்து நிற்க,
நாளைக்குப் பார்க்கலாம் என்கிறான்.
அரைக் கிணறு தாண்டியவனும்
இப்படித்தான் சொல்லியிருப்பான்,
நடுவானில்.

மேலே இருக்கும் குழாய்களைக் கழற்ற
அவன் கை நுழையாது; என் கை நுழையும்.
கண் போகாத இடத்தில் விரல் மட்டும் போனது.
மணல். உப்புக்கட்டி. மெத்தென்று ஏதோ.
இழுத்தேன்: எலிக்கூடு.
உள்ளே என் நீலக் கையுறையின் கம்பளி,
ஆறு வருஷத்துக்கு முன்னால்
ஒரு பிப்ரவரியில் தொலைத்தது.

அந்த பிப்ரவரி எங்கள் இருவருக்குமே தெரியும்.
பெட்டி கட்டி பின்சீட்டில் ஏற்றிவிட்டு
ஒற்றைக் கையுறையோடு
ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வேனுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால்
முகம் தெரியாது, துரு மட்டும் தெரியும்.
அதனால்தானோ என்னவோ சொன்னான்:
"ஓட்டை பெரிசில்ல, ஓடில்.
அப்பவே ஒட்டியிருக்கலாம்.
பாதி இருந்தா நீ
ரொம்பத் தூரம் போகமாட்டேன்னு நினைச்சேன்."

குழாயின் பூட்டு அந்த நேரம் பார்த்து விட்டது.
மிச்சப் பெட்ரோல் என் முழங்கைவரை ஓடிச் சில்லிட்டது.

"வழியில பெட்ரோல் பங்க்கே இருக்காதா, ரேயால்?"

அவன் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
ஜாக்கை இறக்கு என்றேன்.
இறக்கினான், ஒரு பல், இன்னொரு பல்,
தூங்கும் குழந்தையைக் கட்டிலில் விடும் பதனத்தில்.

புதியது ஏற மறுத்தது.
நசுங்கிய மூலைதான் சட்டத்தில் இடித்தது.
அவன் பிடிக்க, நான் மரச்சுத்தியால் தட்ட,
நான் பிடிக்க, அவன் திட்ட,
இருட்டுவதற்குள் ஏறிவிட்டது.
எலிக்கூட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
ஷெட்டில் ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் பங்க்கில் நான்தான் நிரப்பினேன்.
எண்கள் ஓடின. அரை வந்ததும்
கை தானாகவே விட்டுவிட்டது.
மூடியைத் திருகப் போனேன்.
உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் அந்தப் பையன் கேட்டான்:
"அவ்வளவுதானா, மதாம்?"

முன்சீட்டில் ரேயால்
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.
மறுபடி அழுத்தினேன்.