முந்நூற்றெண்பது கிலோ

ட்ரோல்ஹெத்தன் ஆலையில் மூஸ் மானுக்கு
நாங்கள் கொடுத்த உடம்பு பழைய மின்கம்பிச் சுருள்.
முறுக்கி, வாரால் இறுக்கி,
காரின் முன்கண்ணாடி உயரத்தில் தொங்கவிடுவோம்.
கால் கிடையாது.
நிஜ மானுக்கும் அந்த நொடியில்
கால் ஒரு பொருட்டில்லை:
பம்பர் வாரிவிடும்,
வயிறுதான் நம் மடிக்கு வரும்.

புரூர் அதற்குப் பெயர் வைத்தான்: 'மேலாளர்'.

என் வேலை அளவெடுப்பது.
மோதி முடிந்ததும் டேப்போடு உள்ளே நுழைவேன்.
தூண் எத்தனை மில்லிமீட்டர் மடங்கியது,
பொம்மையின் நெற்றிக்கும் கூரைக்கும் நடுவே
எத்தனை விரல் மிச்சம்.
வீட்டில் காலுறையைக் கழற்றினால்
கண்ணாடித் தூள் உதிரும்.

ஒரு நவம்பரில் வார்ம்லாண்டிலிருந்து
சிவெர்ட் ஓல்ஹேடன் என்பவரின் கடிதம்.
"கூரை சப்பை. கதவு திறந்தது.
சாவி உங்கள் வழக்கப்படி
இருக்கைகளுக்கு நடுவே; துழாவி அணைத்தேன்.
இறங்கி நின்று
மானுக்காகக் கொஞ்சம் அழுதேன்.
அடுத்த காரும் உங்களிடமே."

அடுத்த கார் வரவில்லை.
இரண்டாயிரத்துப் பதினொன்று,
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்
ஒரு தாள் வந்தது.
எடை ஐந்து கிராம் இருக்கும்.
என்ன வேகம் என்று யாரும் அளக்கவில்லை.
தூண்கள் எல்லாம் நேராகவே நின்றன.

ஏலத்தில் மேலாளர்
செம்பு விலைக்குப் போனார்.
தராசில் ஏற்றியவன்
முந்நூற்றெழுபத்தொன்பது என்றான்.
இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.
அதேதான்.

அந்த ஒரு கிலோ
எங்கள் கூரைகளில்
சிராய்ப்பாக ஒட்டியிருக்கும்.