மேலே என்ன சொல்லியிருந்தாலும்

அட்லாண்டா அலுவலகத்தில் என் வேலை
ஒப்பந்தத்தின் கடைசியில் தாள் சேர்ப்பது.
கம்பளம் கழுவும் பிரான்சைஸ்: அறுபத்திரண்டு பக்கம்,
எந்த ஊர்க்காரர் கையெழுத்துப் போட்டாலும்
அதே அறுபத்திரண்டு.
அதற்குப் பிறகு மாநிலத்துக்கு ஒரு தாள்.
மேரிலாந்துக்கு உண்டு. இல்லினாய்க்கு உண்டு.
எங்கள் ஜார்ஜியாவுக்கு ஒன்றுமில்லை.

எல்லாத் தாளும் ஒரே மாதிரிதான் வாய் திறக்கும்:
மேலே என்ன சொல்லியிருந்தாலும்.

மூர்ஹெட்டிலிருந்து மார்னா ட்வெய்ட்டன் கூப்பிட்டார்.
"அறுபத்திரண்டு பக்கம் பிடுங்கிக்கொண்டு
அறுபத்துமூன்றில் கொஞ்சம் திருப்பித் தருகிறீர்கள்.
பிடுங்காமலே இருந்திருக்கலாமே?"
பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
அவ்வளவு தூரம் படித்தவரும் அதுவரை யாருமில்லை.

அவருக்கு இரண்டு கடை, இரண்டு ஒப்பந்தம்,
நடுவில் வடக்கு நோக்கி ஓடும் ஓர் ஆறு.
கிழக்குக் கரை மினசோட்டா,
மேற்கே ஃபார்கோ, வடக்கு டகோட்டா.
பாலத்தைக் கடக்க வேனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.
எந்தச் சட்டத்தில் நனைகிறோம் என்று
கம்பளத்துக்குத் தெரியாது.

ஏப்ரலில் தெற்கே பனி உருகியது.
வடக்கே ஆறு இன்னும் கட்டியாகக் கிடந்தது.
போக வழியில்லாத தண்ணீர் ஊருக்குள் வந்தது.
கம்பளங்களை யாரும் கழுவக் கொடுக்கவில்லை,
தெருவில் சுருட்டிப் போட்டார்கள்.
இரண்டு மாத ராயல்டி நின்றது.

இரண்டு கடிதம் அடித்தேன்,
ஒரே காலை, ஒரே வாசகம்: பத்து நாள்.

மூர்ஹெட் கடிதம் திரும்பி வந்தது.
ஓரத்தில் அவருடைய வக்கீலின் கையெழுத்து:
தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு,
குறையைத் தீர்க்க அறுபது நாள். பார்க்க, பக்கம் 63.
நான் சேர்த்த பக்கம்.

ஃபார்கோ தாளில் நாள்கணக்கு இல்லை.
பதினோராம் நாள் பலகையை இறக்கினோம்.

ஆனால் அந்தத் தாளில் வேறொரு வரி:
கடை போன பின் அதே தொழிலைச் செய்யாதே என்று
உன்னைக் கட்டிப்போடுவதை
இந்த மாநிலம் ஏற்பதில்லை.

மறுபடி கூப்பிட்டார்.
"அப்படியானால் என் பெயரிலேயே
ஒரு பலகை மாட்டலாமா?"
மாட்டலாம்.
ஆனால் காப்பாற்றிய கிழக்குக் கடை இருக்கிறதே,
அது நடக்கும்வரை
எங்கேயும் போட்டிக் கடை கூடாது. பக்கம் 41.
அதற்கு எதிராக எந்தத் தாளும் பேசவில்லை.
இதை நான் சொல்லவில்லை.
எண்ணை மட்டும் சொன்னேன்: நாற்பத்தொன்று.
தாள் புரளும் சத்தம் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காசோலை வந்தது,
ஓரத்தில் உலர்ந்த சேற்றுத் தடத்தோடு.
கூடவே ஃபார்கோ தாளின் நகல்.
கடைசி வாக்கியத்தை வட்டமிட்டிருந்தார்:
இந்த இணைப்பு இல்லாமலே அந்தச் சட்டம்
பொருந்துமானால் மட்டுமே
இந்த இணைப்பு பொருந்தும்.
பக்கத்தில் பென்சிலில்,
"இதை எழுதினவருக்குச் சாப்பாடு இறங்குகிறதா?"

எழுதியது நான் இல்லை.
இன்றும் ஒன்பது ஒப்பந்தம் இருக்கின்றன.
ஸ்டேப்ளர் அழுத்துவதற்கு முன்
கடைசித் தாளை எடுத்து
முதல் தாளின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.
சரியாகத்தான் பொருந்துகிறது, அளவு ஒன்றுதானே.
பிறகு அடியில் செருகுகிறேன்.